பழைய கரைசலுக்கும் புதிய மாத்திரைக்கும் நடுவில்

செல் வளர்ச்சிச் சமிக்ஞைகளை ஆராய்ந்த உயிரியலாளர் டோனி ஹன்டரைப் பற்றி யார் எழுதினாலும், அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் அந்தப் பழைய பஃபர் கரைசலில்தான் தொடங்குகிறார்கள். 1979-இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில், எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கும் பாலியோமா வைரஸின் புரதம் ஒன்றை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதனோடு ஒட்டிவரும் நொதி, பாஸ்பேட்டை எந்த அமினோ அமிலத்தின் மீது ஏற்றுகிறது என்பதே கேள்வி. செரின், திரியோனின் ஆகிய இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏறிய புரதத்தை அமிலத்தில் சிதைத்து, மெல்லிய தகட்டில் வைத்து மின்சாரம் செலுத்தினால் ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியாக நகரும். புதிய கரைசல் தயாரிக்கச் சோம்பல்பட்டு, ஏற்கெனவே பயன்படுத்தியதையே அவர் ஊற்றினார். 1.9 இருக்க வேண்டிய அதன் பிஎச் அளவு, அதாவது அமிலத்தன்மையின் அளவு, 1.7-க்கு இறங்கியிருந்தது. சரியான கரைசலில் பாஸ்பேட் ஏறிய திரியோனினும், டைரோசின் என்னும் வேறோர் அமினோ அமிலமும் ஒரே இடத்தில் போய் நிற்கும். இந்தக் கெட்டுப்போன கரைசலில் அவை பிரிந்தன. செரினுக்கும் திரியோனினுக்கும் நடுவே, யாரும் எதிர்பாராத மூன்றாவது புள்ளி தெரிந்தது. அதுதான் டைரோசின்.

இந்தச் சம்பவத்தை ஹன்டரே பின்னாளில் தயங்காமல் சொல்லியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லாதது, அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே 2001-இல் வந்த இமாட்டினிப் என்னும் ரத்தப் புற்றுநோய் மாத்திரைக்குத் தாவிவிடும் எழுத்துமுறைதான். இடையிலுள்ள 22 ஆண்டுகளை விட்டுவிட்டுப் படித்தால், செல் வளர்ச்சிச் சமிக்ஞை ஆய்வு என்பது ஒரு சுவிட்சைக் கண்டுபிடித்து அணைக்கும் வேலை என்றே தோன்றும்.

உண்மையில் அந்தப் புள்ளி தெரிந்த பிறகுதான் கடினமான வேலை தொடங்கியது. சாதாரண செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களில் டைரோசினின் பங்கு சுமார் 0.03 சதவீதம் மட்டுமே என்றும், கோழிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் ரவுஸ் சார்கோமா வைரஸால் புற்றுச்செல்லாக உருமாறிய செல்லில் அது பத்து மடங்கு வரை கூடுகிறது என்றும் ஹன்டரும் சக ஆய்வாளர் பார்ட் செஃப்டனும் 1980-இல் அளந்து காட்டினார்கள். பத்தாயிரத்தில் மூன்று என்ற அளவில் இருப்பதைப் பிழை என்று தள்ளிவிடுவது மிக எளிது. டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியை உருவாக்கும் அந்த வைரஸின் சார்க் மரபணுவோ, கோழியின் ஆரோக்கியமான செல்லிலேயே இருக்கும் மரபணுவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் பிஷப்பும் வார்மஸும் 1976-இலேயே காட்டியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், புற்றுநோயை உண்டாக்கும் கருவி வெளியிலிருந்து வந்ததல்ல, செல் தன் வளர்ச்சிக்கு அன்றாடம் கையாளும் கருவியே என்பது துலங்கியது.

வளர்ச்சிக் காரணி வந்து தொட்டதும் செல்லின் மேற்பரப்பில் செய்தியை வாங்கும் புரதங்களான ஏற்பிகள் இரண்டு இணைந்து, ஒன்றின் வால்பகுதியிலுள்ள டைரோசினில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளவே உருவான புரதங்கள் வந்து ஒட்ட, செய்தி ராஸ், ராஃப், மெக், எர்க் என்னும் புரதங்களின் வழியே கைமாறி உட்கருவை அடைகிறது. வேலை முடிந்ததும் பாஸ்பேட்டை அகற்றுவதற்கென்றே வேறு நொதிகள் இருக்கின்றன. ராஸில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறினாலும் போதும், அது ஓய்வில்லாமல் செய்தி அனுப்பத் தொடங்கிவிடுகிறது.

இமாட்டினிப் வென்றதற்குக் காரணம், நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஒற்றைப் பிழையால், அதாவது இரண்டு குரோமோசோம்கள் மாறி ஒட்டிக்கொண்டதால் பிறந்த ஒரே ஒரு டைரோசின் கைனேஸால் (டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி), இயங்குவதுதான். அந்த மருந்தைப் பெற்றவர்களில் சுமார் 83 சதவீதத்தினர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள் என்று முதன்மை மருத்துவச் சோதனையின் நீண்டகால முடிவு காட்டியது. மகத்தான வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அங்கேயும் சிலருக்கு, அந்தப் புரதத்தின் 315-ஆவது இடத்தில் திரியோனின் ஐசோலியூசினாக மாறிவிட்டால், மருந்து உள்ளே நுழைய இடமில்லாமல் போகிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மேலே சொன்ன ராஃப் வகைப் புரதம் ஒன்றை உருவாக்கும் பிராஃப் மரபணுவின் கதை. ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே மாற்றம். அதைத் தடுக்கும் வெமுராஃபெனிப் மருந்து 2011-இல் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பலருக்குக் கட்டிகள் வேகமாகச் சுருங்கின. அதே மாற்றமுள்ள பெருங்குடல் புற்றுநோயில் அது ஏறக்குறைய பயனற்றுப் போனது. பிராஃபை அடைத்ததும், அதுவரை அடங்கியிருந்த மேற்பரப்பு ஏற்பியான இஜிஎஃப்ஆர் விழித்துக்கொண்டு வேறு வழியில் செய்தியை அனுப்பியதே காரணம் என்று 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். மெலனோமா செல்களில் அந்த ஏற்பி மிகக் குறைவு. அதனால் அங்கே மாற்றுவழி திறக்கவில்லை.

ஆகவே "புற்றுநோயின் சுவிட்ச் கண்டுபிடிப்பு" என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி, எந்தத் திசுவில், அதை அணைத்தால் வேறு எது விழித்துக்கொள்ளும் என்பதே. பெருங்குடல் புற்றுநோயில் பிராஃபையும் இஜிஎஃப்ஆரையும் ஒன்றாக அடைக்கும் இரட்டை மருந்துச் சிகிச்சை 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புதிய சுவிட்ச் எதையும் கண்டுபிடித்து அது வரவில்லை; முதல் மருந்து ஏன் தோற்றது என்று பொறுமையாகத் தேடியதால் வந்தது. அந்தத் தேடலைப் பற்றித் தலைப்புச் செய்தி எதையும் நான் பார்த்ததில்லை.