டெபாசிட் போனவள்தான், அதற்கென்ன?

ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பேச வந்த என்னை "டெபாசிட் புகழ் அக்கா" என்று அந்தத் தம்பி மைக்கில் அறிமுகம் செய்தார். கூட்டமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு நாளாக மனசுக்குள் வைத்திருந்தேன், இனி முடியாது.

2021 சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். 731 ஓட்டு. டெபாசிட் போனது. ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு டெபாசிட் கணக்கு தெரியும்? செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் கட்டிய 10,000 ரூபாய் திரும்ப வரும். இரண்டு லட்சம் ஓட்டு விழுகிற தொகுதி என்றால் 33,000-க்கு மேல் வேண்டும். மார்ச் 22-ம் தேதி எனக்குத் தையல் இயந்திரம் சின்னம் கொடுத்தார்கள். ஏப்ரல் 4 மாலையோடு பிரசாரம் முடிந்தது. நடுவில் 13 நாள். வருஷக்கணக்காகச் சுவரில் இருக்கிற சின்னங்களோடு 13 நாள் சின்னம் போட்டி போட்டது. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் திமுகவுக்கே டெபாசிட் போனது. அந்தக் கட்சிக்காரரை யாராவது மேடையில் இப்படிக் கூப்பிடுவார்களா? (அங்கே ஜெயித்தவரும் சுயேச்சைதான். ஆனால் அவர் ஏற்கெனவே ஊரறிந்த அரசியல்வாதி. அதை என் பக்கம் சேர்த்துக்கொள்ள மாட்டேன்.)

"ஓட்டைப் பிரிக்க யார்கிட்ட காசு வாங்குனே?" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்கி, முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுத்தவள் நான். அன்றைக்கு உச்சவரம்பு 30.80 லட்சம். நான் செலவழித்தது 61,400 ரூபாய். இதற்குமேல் அவருக்குப் பதில் கிடையாது.

"ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சும் ஏன் நின்னே?" இது நியாயமான கேள்வி. என் அப்பாவும் கேட்டார். 2011, 2016, 2021 மூன்று பொதுத் தேர்தலிலும் 234 தொகுதியில் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. எனக்கும் தெரியும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் ராத்திரி பிரசவம் பார்க்க டாக்டர் கிடையாது. என் தம்பி மனைவியை ஆம்புலன்ஸில் 40 கிலோமீட்டர் கொண்டு போனோம். மனு கொடுத்தோம், ரசீது கொடுத்தார்கள். வேட்பாளர் என்று ஆன பிறகுதான் அந்த விஷயத்தை நான் பேசப் பேச எதிரே நின்று கேட்டார்கள். கடைசி வாரத்தில் ஒரு பெரிய கட்சி வேட்பாளரும் அதையே மேடையில் பேசினார். 731 ஓட்டுக்காரி சொன்ன பிறகு.

இதை முதலில் செய்தது நான் இல்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் குறையைக் காட்ட அப்படி நின்றார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. அப்போது டெபாசிட் 250 ரூபாய். அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள், பிறகு 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைகளான எங்களுக்குப் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். குறை அப்படியே இருந்தது, நிற்பதற்கான வாசலைக் குறுக்கிவிட்டார்கள். அந்த வாசலில் நுழைந்து வந்தவளைப் பார்த்துத்தான் நீங்கள் சிரித்தீர்கள்.

அந்தப் பத்துக் கையெழுத்து வாங்குவது என்னவென்று தெரியுமா? ஒவ்வொருவருக்கும் பாகம் எண், வரிசை எண் சரியாக இருக்க வேண்டும். தப்பினால் பரிசீலனையில் சிக்கல். ஒன்பதாவதாகப் போட்டவர் ராத்திரி வீட்டுக்கே வந்து, "எம் பேர எடுத்துடு கண்ணு, எங்க வீட்டுக்காரருக்குக் கட்சியில பொறுப்பு இருக்கு" என்று அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. புதுத்தாளில் எல்லோரிடமும் மறுபடி வாங்கினேன். பத்தாவது ஆள், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் அக்கா. எழுதத் தெரியாதவர். கைநாட்டு என்றால் அதிகாரி முன்னால் நேரில் வைத்து, அவர் சான்று கொடுக்க வேண்டும். அதனால் அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு என்னோடு வந்து வரிசையில் நின்றார். மை துடைக்கத் துணி கொடுத்தேன், வேண்டாம் என்றார். சாயங்காலம் வரைக்கும் விரலைத் துடைக்கவில்லை.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை அவர் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசுவதைக் கேட்க வந்திருந்தார். சிரிப்பு அடங்கும் முன்பே எழுந்து போய்விட்டார். என்னிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ராத்திரி எட்டு மணி வரைக்கும் அவர் பஸ் ஸ்டாண்டில்தான் இருப்பார், போய்ப் பேசுங்கள்.