கார்லைல் எங்கே போனது?
இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் இங்கிலாந்தில் எழுந்த பப்கள் (மதுக்கடைகள்) எல்லாமே போலி டியூடர் வேஷம்தான், அதாவது 16-ம் நூற்றாண்டு மரச்சட்ட வீடுகளின் நகல்தான் என்று, அவற்றைப் பற்றிய கட்டுரையை எழுதியவர் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார். வட இங்கிலாந்தின் கார்லைல் நகரை எப்படி விட்டார்? அருகிலிருந்த கிரெட்னா வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்களின் குடியைக் கட்டுப்படுத்த 1916-ல் அங்கே அரசே பப்களை வாங்கி, 1973 வரை நடத்தியது. இந்த அரசுத் திட்டத்தின் கட்டடக் கலைஞர் ஹாரி ரெட்ஃபர்ன் முகப்பைவிட உள்ளமைப்பில்தான் அக்கறை காட்டினார். நின்றபடி குடித்துத் தீர்க்கும் நெரிசல் போய், உட்கார்ந்து சாப்பிட வசதியான, வெளிச்சமான அறைகள் வந்தன. 1927-ல் அங்கே திறந்த ஆப்பிள் ட்ரீ என்ற பப் இதற்கு நல்ல உதாரணம். அப்புறம், டியூடர் பாணி என்றாலே மட்டமா? பர்மிங்ஹாம் நார்த்ஃபீல்டில் 1929-ல் அதே பாணியில் கட்டிய பிளாக் ஹார்ஸ் பப்பின் மரவேலைப்பாட்டைப் பார்த்தவர்கள் அதை வேஷம் என்று சொல்லவே மாட்டார்கள்.