அட்லஸ் ஷ்ரக்டு படம் முதல் பாகத்தோடு நின்றுவிடவில்லை

அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்டின் சர்ச்சைக்குரிய 'அட்லஸ் ஷ்ரக்டு' நாவலைக் குறைந்த செலவில் படமாக்கியவர்கள், ரசிகர்கள் கைவிட்டதால் முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு. 2011-இல் வந்த முதல் பாகம் அமெரிக்காவில் சுமார் 46 லட்சம் டாலர்தான் வசூலித்தது. தயாரிப்பாளர் ஜான் அக்லியலோரோ அப்போது மனம் நொந்து, இனி எடுக்கமாட்டேன் என்கிற மாதிரி பேசியதும் உண்மை. ஆனால் 2012-இல் இரண்டாம் பாகமும் 2014-இல் மூன்றாம் பாகமும் வெளியாயின. மூன்றாவதற்கு ரசிகர்களும் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் வழியாகப் பணம் போட்டார்கள்.

ரசிகர்களை உறுத்தக்கூடிய விஷயம் வேறு. முதல் பாகத்தின் டிவிடி அட்டையில் இது 'துணிவும் சுயதியாகமும்' நிறைந்த நாவல் என்று அச்சாகிவிட்டது. சுயதியாகத்தைத்தான் ராண்ட் அந்த நாவல் முழுக்க எதிர்த்தார்! அப்புறம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளைத் திருத்தி அச்சடிக்க வேண்டியதாயிற்று.