கைதட்டாதீர்கள்!

கோடியக்கரைக்கு நண்பர்களோடு பறவை பார்க்கப் போனால், கூட்டத்தில் ஒருவராவது கைதட்டிவிடுகிறார். ஆழமில்லாத நீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி மேய்ந்துகொண்டிருக்கும் பூநாரைகள் எழுந்து பறந்தால்தான் சிறகின் சிவப்பு படத்தில் விழும் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்திலேயே கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு பறவைகள் சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 25 கிராம் உடல்; ஆர்க்டிக் பகுதியிலிருந்து வந்தவை! திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை இங்கேதான் தின்று சேர்க்க வேண்டும். விரட்டும் ஒவ்வொரு முறையும் அது கரைகிறது. 2002-லேயே ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடத்தில் இந்தக் கொடுமை. தடுத்தால், "ஒரு தடவைதானே" என்று முகம் சுளிக்கிறார்கள். அடுத்த வண்டியில் வந்து இறங்குகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.