கையை ஆட்டாதீங்க!

(கோயமுத்தூர் சிங்காநல்லூரில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆன வேலுச்சாமி சோபாவில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். கைகளில் மாம்பழ நிறக் கம்பளி நூல் சிட்டம், அதாவது வளையமாகச் சுற்றிய நூல் கட்டு. எதிரே முக்காலியில் அவர் மனைவி சரசு, நூலை உருவி உருண்டையாகச் சுற்றுகிறார். டிவியில் கிரிக்கெட். ரிமோட் பக்கத்திலேயே இருக்கிறது, எடுக்கத்தான் கை இல்லை.)

வேலுச்சாமி: இன்னும் எத்தனை நேரம் புள்ள?

சரசு: கையை ஆட்டாதீங்க. இப்பத்தான் நுனியே கெடச்சிருக்குது.

வேலுச்சாமி: நான் எங்க ஆட்டறேன், அதுவா ஆடுது. ரிட்டயர் ஆன மனுசனை யாராச்சும் இப்படி உக்கார வெப்பாங்களா?

சரசு: காலமெல்லாம் சிட்டத்தோடதான் குடித்தனம் நடத்துனேன்னு வர்ற ஒறம்பரைகிட்டயெல்லாம் சொல்றீங்கல்ல. இன்னும் சித்த நேரம் நடத்துங்க.

வேலுச்சாமி: அங்க மெஷின் சுத்தும், நான் கையைக் கட்டிட்டு நிப்பேன். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு நூல்ல 40 சிட்டம் வந்துச்சுன்னா அது நாப்பதாம் நம்பர். 60 வந்துச்சுன்னா அறுபதாம் நம்பர். இது என்ன நம்பர், சொல்லு பார்க்கலாம்?

சரசு: 100 கிராம். 4 மில்லிமீட்டர் ஊசி. எனக்கு அது போதும்.

வேலுச்சாமி: கவுண்ட் கூடத் தெரியாம நூல் வாங்கியிருக்கற. சரி, உருண்டையா சுத்தி விக்கறதை வாங்கறதுக்கென்ன?

சரசு: இது கையில சாயம் போட்டதுங்க. சிட்டமா முக்குனாத்தான் சாயம் உள்ள வரைக்கும் புடிக்கும். உங்களுக்குத் தெரியாததா?

வேலுச்சாமி: தெரியும், தெரியும். நாற்காலி முதுகுல மாட்டிச் சுத்தறதுக்கென்ன?

சரசு: நாற்காலியில வழுக்குது. உங்க கை சொரசொரன்னு இருக்கறதுனால நல்லாப் புடிச்சுக்குது.

வேலுச்சாமி: (சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல்) யாருக்கு இது?

சரசு: யாருக்கா? அம்மிணிக்கு மார்கழியில நாள் சொல்லியிருக்கறாங்கல்ல! குழந்தைக்கு ஒரு குல்லா, ஒரு ஸ்வெட்டர், ரெண்டு சோடி காலுறை.

வேலுச்சாமி: பிரசவம் நம்ம ஊட்டுல. நம்ம மார்கழியிலயும் ஃபேன் போட்டுட்டுத்தான் தூங்கறோம்.

சரசு: மூணு மாசம் கழிச்சுக் கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போவாங்கல்ல. அங்க குளுருமில்ல.

வேலுச்சாமி: மார்கழிக்கு மூணு மாசம் கழிச்சுப் பங்குனி. பங்குனியில மலையிலயும் வெயில்தான். குளுர்க்காலமெல்லாம் கீழ, வெயில்காலமெல்லாம் மேல. இந்தக் குழந்தைக்கு ஸ்வெட்டர் போடற யோகமே இல்லை.

சரசு: (சுற்றுவதை நிறுத்தி, விரல் விட்டு எண்ணி) சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி... ஆடி மழையில குளுரும். அப்ப ஏழு மாசக் குழந்தை. சரி, மூணு மாச அளவுல ஒண்ணு, ஏழு மாச அளவுல ஒண்ணு போட்டர்றேன். நல்ல நேரத்துல ஞாபகப்படுத்துனீங்க. இன்னும் ரெண்டு சிட்டம் வாங்கோணும்.

(வேலுச்சாமி கண்ணை மூடிக்கொள்கிறார். புத்தி சொல்லி வேலையை வளர்த்துக்கொண்டவர் முகம் இப்படித்தான் இருக்கும்.)

வேலுச்சாமி: பொறக்காத குழந்தைக்கு அளவு எப்படித் தெரியும்?

சரசு: பொறந்த குழந்தைக்குத் தலைச்சுத்து ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். குல்லா அதைவிட ரெண்டு மூணு சென்டிமீட்டர் கம்மியாப் போடணும், இழுத்துக் குடுக்கும். போன வாரம் பருத்தி நூல்ல ஒண்ணு போட்டு, தேங்காயில மாட்டிப் பார்த்தேன். கச்சிதமா இருந்துச்சு.

வேலுச்சாமி: எந்தத் தேங்காய்?

சரசு: உரிச்சு வெச்சிருந்தனே, பெரிய காய்.

வேலுச்சாமி: அடடா. ஃப்ரிட்ஜ் மேல ஒரு தேங்காய் குல்லா போட்டுட்டு என்னையே பார்த்துட்டு இருந்துச்சு. நேத்துக் காலையில குல்லாயைக் கழட்டிட்டுச் சட்னிக்கு உடைச்சது பேரன் தலையா?

சரசு: வாயைக் கழுவுங்க முதல்ல! அப்புச்சி ஆகப் போற மனுசன் பேசற பேச்சா இது?

வேலுச்சாமி: சட்னி நல்லா இருந்துச்சுன்னு நீதான சொன்ன.

சரசு: கையை ஆட்டாதீங்க!

வேலுச்சாமி: சரி, குல்லாயில குஞ்சம், கழுத்துல கட்டறதுக்குக் கயிறு, அதெல்லாம் உண்டா?

சரசு: கயிறு ஆகாது, கழுத்துல சுத்திக்கும். பொத்தானும் ஆகாது, பிச்சு வாயில போட்டுக்கும். காலுறையில ஓட்டை ஓட்டையா டிசைனும் கூடாது, சின்ன விரல் உள்ள போய் மாட்டிக்கும்.

வேலுச்சாமி: மில்லுல கூட இத்தனை சேஃப்டி கெடையாது. ஆனா ஒண்ணு, இதை எப்படித் துவைக்கறதுன்னு ஒரு சீட்டு எழுதி ஊசி குத்தித் தாட்டி விடு. மாப்பிள்ளை ஸ்வெட்டர் கதையாயிரப் போகுது.

சரசு: அதை எதுக்கு இப்ப இழுக்கறீங்க?

வேலுச்சாமி: தலைதீபாவளிக்கு அரைக் கிலோ கம்பளியில நீ போட்ட ஸ்வெட்டர். சம்பந்தியம்மா மெஷின்ல போட்டு வெந்நியைத் திருப்பி விட்டாங்க. உள்ள போனது மாப்பிள்ளை ஸ்வெட்டர், வெளிய வந்தது பொம்மை ஸ்வெட்டர்.

சரசு: கம்பளி முடியில செதில் செதிலா இருக்குமுங்க. சூடு, சோப்பு, உருட்டல் மூணும் சேர்ந்துச்சுன்னா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். அப்புறம் தலைகீழா நின்னாலும் பிரியாது. பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்?

வேலுச்சாமி: இப்ப அதை என்ன பண்றாங்களாம்?

சரசு: (சின்னக் குரலில்) குக்கர் எறக்கறதுக்கு வெச்சிருக்கறாங்களாம். சூடு கொஞ்சங்கூட ஏற மாட்டேங்குதுன்னு ஃபோன்ல பாராட்டுனாங்க.

வேலுச்சாமி: அதனால சொல்றேன், பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல திருப்பூர். ஊரே பின்னித் தள்ளிட்டு இருக்குது. கிலோக் கணக்குல அள்ளிட்டு வரலாம். இதுல நீ ஒத்தை ஆளா...

சரசு: (எழுந்து வந்து அவர் பனியன் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறார்) குனிஞ்சு பாருங்க. வெளிப்பக்கம் சடை சடையா எறங்குதா? உள்பக்கம் குறுக்க மேடு மேடா இருக்குதா? நான் ரெண்டு ஊசியில போடறதும் இதேதான். என்னதைவிடப் பொடி, அவ்வளவுதான்.

வேலுச்சாமி: அதத்தான் நானும் சொல்றேன்! வில்லியம் லீன்னு ஒரு இங்கிலீஷ் பாதிரியார் 1589-லயே காலுறை பின்னறதுக்கு மெஷின் கண்டுபிடிச்சுட்டாரு. ட்ரெயினிங்ல படிச்சிருக்கறேன். அதுக்கப்புறமும் நீ கையில பின்னிட்டு இருக்கற.

சரசு: அவரு கொக்கி ஊசியில பின்னற குரோஷாவுக்கு மெஷின் கண்டுபிடிச்சாரா?

வேலுச்சாமி: ...இல்லை.

சரசு: அதுக்கப்புறம் யாராச்சும்?

வேலுச்சாமி: (யோசிக்கிறார். மில்லில் பார்த்த மெஷின்களையெல்லாம் மனதில் வரிசையாக ஓட விடுகிறார்) லேஸ் மெஷின் இருக்குது...

சரசு: அது பார்வைக்குத்தான். அசல் குரோஷாவுல ஒத்தைக் கொக்கியில ஒரு கண்ணியை முடிச்சுட்டுத்தான் அடுத்த கண்ணி. கடையில குரோஷா சட்டை தொங்குச்சுன்னா, எங்கயோ ஒருத்தி உக்காந்து கையில போட்டதுன்னு அர்த்தம்.

வேலுச்சாமி: இருக்கட்டும்.

சரசு: இருக்கட்டுமில்ல, கையை நேரா வைங்க. 2016-ல சென்னையில பொம்பளைங்க ஒண்ணு சேர்ந்து குரோஷாப் போர்வை போட்டுக் கின்னஸ்ல ஏறுனாங்க. 11,148.5 சதுர மீட்டர். அதுவும் கைவேலைதான்.

வேலுச்சாமி: இரு இரு. அடியில சொன்னா... 1,20,000 சதுர அடி. நம்ம ஊடு 1,200. அப்ப நம்ம ஊடு மாதிரி நூறு ஊட்டைப் போத்தலாம்.

சரசு: பார்த்தீங்களா!

வேலுச்சாமி: அதுக்கு எத்தனை புருசனுங்க கையை நீட்டிட்டு உக்காந்திருந்தானுங்களோ. கின்னஸ்காரன் அவனுகளைக் கணக்குல எடுத்தானா?

சரசு: உருண்டையா வாங்கியிருப்பாங்க.

வேலுச்சாமி: புண்ணியவதிங்க. நீ ஆரம்பிச்சேன்னா ஊட்டுல ஒரு சாமான் அம்மணமா இருக்க முடியறதில்லை. ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, சிலிண்டருக்குப் பாவாடை. கேஸ் போட வர்ற பையன் தூக்கறதுக்கே கூச்சப்படறான்.

சரசு: நங்கையா அதைப் பார்த்துட்டு அவிய சிலிண்டருக்கும் ஒண்ணு கேட்டாங்க.

வேலுச்சாமி: என் அக்கா மரியாதைக்குக் கேட்டிருப்பா. அவளுக்குப் போட்ட சால்வையில பாதி ஒரு பச்சை, பாதி இன்னொரு பச்சை. லாட் நம்பர் பார்க்காம வாங்குனா அப்படித்தான் ஆகும். ஒரு தொட்டியில முக்குன சாயம் அடுத்த தொட்டிக்கு ஒத்து வராது. மில்லுல இதுக்காக ஆளையே மாத்தியிருக்கறோம்.

சரசு: ரெண்டு உருண்டை பத்தாமப் போச்சு, அப்புறம் வாங்குனேன். லேபிளைத் தொலைச்சது யாரு? பழைய பேப்பரோட போட்டது யாரு?

வேலுச்சாமி: (டிவி பக்கம் திரும்பி) ஓவர் முடியப் போகுது, கம்முனு இரு.

சரசு: நீங்க டிவியைப் பார்க்காதீங்க, சிட்டத்தைப் பாருங்க. இன்னும் கால்வாசிதான்...

வேலுச்சாமி: அவுட்டு! அவுட்டு!

(இரண்டு கைகளும் உயரே போகின்றன. சிட்டமும் போகிறது. இறங்கும்போது பாதி அவர் மூக்குக்கண்ணாடியிலும் மீதி சோபாவின் கைப்பிடியிலும் கிடக்கிறது. சற்று நேரம் வர்ணனையாளர் மட்டும் பேசுகிறார்.)

சரசு: ...

வேலுச்சாமி: நாட் அவுட்டாம் புள்ள. ரிவ்யூ எடுத்துட்டான்.

சரசு: இழுக்காதீங்க! அசையாதீங்க! இழுத்தா முடிச்சு இறுகிக்கும். சிக்கை அகட்டி அகட்டி விடணும். தலையை இக்கட்ட திருப்புங்க.

வேலுச்சாமி: கண்ணாடியைக் கழட்டட்டுமா?

சரசு: கண்ணாடியோட நூலும் வரும். நான் சொல்ற வரைக்கும் கம்முனு இருங்க.

(சரசு அவர் காதோரத்திலிருந்து நூலை ஒவ்வொரு இழையாக எடுக்கிறார். வேலுச்சாமிக்கு மூச்சு விடவும் யோசனை.)

வேலுச்சாமி: ஏம் புள்ள... ஊருக்கெல்லாம் போடற. உனக்குன்னு என்ன போட்டுக்கிட்ட?

சரசு: ஏன், உழவர் சந்தைக்குக் கொண்டு போற வலைப் பை?

வேலுச்சாமி: சின்ன வெங்காயம் கொட்டுச்சே, அதுவா?

சரசு: கண்ணி கொஞ்சம் பெருசாப் போச்சு. பெரிய வெங்காயம்னா நிக்கும்.

வேலுச்சாமி: அன்னைக்கு நீ எந்த வழியாப் போனேன்னு யாரையும் கேக்க வேண்டியிருக்கலை. வெங்காயத்தைப் பொறுக்கிட்டே வந்தேன், நீ கீரைக்காரம்மாகிட்ட நின்னுட்டு இருந்த.

சரசு: (சிரிப்பை அடக்கி) ஆடாதீங்க. நீங்களுந்தான் ஒண்ணும் கேட்டதில்லை. கேட்டாலும் என்ன போடறது? எது போட்டாலும் நொட்டை சொல்றீங்க.

வேலுச்சாமி: கேட்டாப் போடுவியா?

சரசு: கேளுங்க.

வேலுச்சாமி: (ஜன்னல் வழியாக வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு) மொபெட் சீட்டுக்கு ஒரு உறை.

சரசு: என்னது?

வேலுச்சாமி: மெதுவாப் பேசு. ரேஷன் கடை வெயில்ல நிறுத்தி வெச்சுட்டு வந்து உக்காந்தா வெந்து போகுது. பாதி தூரம் எந்திரிச்சு நின்னுட்டே ஓட்டறேன். தெருவுல பார்க்கறவனெல்லாம் நான் வணக்கம் வெக்கறேன்னு நெனச்சுட்டு அவனும் வணக்கம் வெக்கறான்.

சரசு: சிலிண்டர் பாவாடையைக் கிண்டல் பண்ணுன வாயா இது?

வேலுச்சாமி: சிலிண்டர் வெயில்ல நிக்குதா? கம்பளி வேண்டாம், அதைவிடச் சுடும்.

சரசு: கம்பளியை யாரு போடுவா? கெட்டிப் பருத்தி நூல்ல போட்டுத் தாறேன். நெருக்கமான கண்ணியாப் போட்டா தொங்காது. அடியில எலாஸ்டிக் கோத்துட்டா நழுவாது. என்ன நெறம்?

வேலுச்சாமி: கறுப்பு. சீட்டும் கறுப்பு. ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது.

சரசு: கறுப்பு சூட்டை இழுக்கும். வெள்ளைதான் நல்லது.

வேலுச்சாமி: வெள்ளை வேண்டாம், நாலு நாள்ல அழுக்காயிரும்.

சரசு: அப்ப இந்த மாம்பழ நெறத்துலயே பருத்தி கிடைக்கும். குழந்தைக்கும் அப்புச்சிக்கும் ஒரே கலர்.

வேலுச்சாமி: ...நாளைக்கே ஆரம்பிச்சிருவியா?

சரசு: ஒரேயடியா ஆரம்பிக்க முடியாதுங்க. முதல்ல பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மாதிரி ஒண்ணு போடுவேன். அதுல எத்தனை கண்ணி, எத்தனை வரிசைன்னு எண்ணித்தான் முழுசுக்கும் கணக்கு.

வேலுச்சாமி: லேப் டெஸ்ட். அது கரெக்ட். மில்லுலயும் சாம்பிள் பார்க்காம லாட்டை வெளிய விட மாட்டோம். மாதிரியை எங்கிட்ட குடு, சீட்டுல வெச்சு ரேஷன் கடை வரைக்கும் ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் தாறேன்.

சரசு: பத்து சென்டிமீட்டர்லயா உக்காருவீங்க?

வேலுச்சாமி: ஒரு பக்கம் மட்டும் வெச்சுப் பார்க்கறது.

சரசு: உங்க ஒரு பக்கத்துக்கே நாலு உருண்டை ஆகும். நீட்டுங்க கையை.