கூடையில மிஞ்சின சரக்கு

தெருவுல கூடைய தூக்கிட்டு விக்கிற சின்னப் பொண்ணுங்க பாலியல் கொடுமைல மாட்டறத பத்தி பேச்செடுத்தாலே "அதுங்களுக்கு விழிப்புணர்வு இல்லங்க"ன்னு முடிச்சிடறாங்க. எனக்கு ஒத்துக்க முடியல. யாரு வாங்குவான், யாரு சும்மா வாயாடிட்டு போவான்னு மூஞ்சிய பாத்தே சொல்ற பொண்ணு அவ, எவன் ஆபத்தானவன்னு தெரியாமயா இருப்பா?

வில்லங்கம் ஆரம்பிக்கிறது பொழுது சாயுறப்போ, சரக்கு மிஞ்சுறப்போ. அப்படியே வீட்டுக்கு போனா திட்டு, சரக்கு கடனுக்கு எடுத்ததுன்னா இன்னும் மோசம். அந்த நேரம் பாத்து ஒருத்தன் வண்டிய நிறுத்தி "மொத்தமா நானே எடுத்துக்கறேன், காசு ரூம்ல இருக்கு, வந்து வாங்கிக்கோ"ம்பான். பகல்ல காதுல விழாத மாதிரி நகர்ந்து போன அதே பொண்ணு இப்ப ஒரு நிமிஷம் நிப்பா, அந்த ஒரு நிமிஷத்த நம்பித்தான் அவனும் வர்றான். இதப்போய் "அவளாத்தானே போனா"ங்கறவங்கள பாத்தா எரிச்சல் வருது. 18 வயசுக்கு கீழ யாரா இருந்தாலும் குழந்தைதான்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) 1999லயே, குழந்தைத் தொழிலோட மோசமான வடிவங்கள ஒழிக்கற 182ஆம் ஒப்பந்தத்துல எழுதியாச்சு, 2020ல எல்லா உறுப்பு நாடும் அத ஏத்துக்கவும் செஞ்சாச்சு.

அந்த ரூம்ல அவன் அவள கெடுத்துட்டான்னா அப்புறம் எல்லாமே நேரக்கணக்கு. எச்ஐவி தடுப்பு மருந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும். கர்ப்பம் தங்காம இருக்க அவசர மாத்திரை 5 நாளுக்குள்ள, அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கிளாமிடியா மாதிரி உடலுறவுல பரவற தொற்று பெரும்பாலும் வெளிய தெரியவே தெரியாது, கவனிக்காம விட்டா கருக்குழாய் கெட்டு பின்னாடி குழந்தை நிக்கறதே கஷ்டமாகலாம். ஆனா கிளினிக் திறந்திருக்கற நேரம்தான் அவ விக்கிற நேரம், எப்படியோ போனாலும் முதல் கேள்வியே "கூட பெரியவங்க யாரு?" அதோட வெளிய வந்துடுவா.

யாரும் தொடலைன்னாலும் உடம்பு கெட்டுட்டுத்தான் இருக்கு. கூடைய யார்கிட்ட விட்டுட்டு ஒண்ணுக்கு போறது? அதனால தண்ணியே குடிக்க மாட்டா, சிறுநீர்த் தொற்று வந்து வந்து போகும். பீரியட்ஸ்னா காலையில வெச்ச துணிதான் ராத்திரி வரைக்கும். கருப்பைவாய் புற்றுநோயத் தடுக்கற எச்பிவி தடுப்பூசிய நிறைய நாடுகள்ல ஸ்கூல்லதான் போடறாங்க, இவ அங்க இருந்தாத்தானே!

என்னைக் கேட்டா மிஞ்சின சரக்க திருப்பி எடுத்துக்கற ஒரு மொத்த வியாபாரி, ராத்திரியும் திறந்து கேள்வி கேக்காம பாக்கற ஒரு நர்ஸ், இது போதும் தொடங்கறதுக்கு. விழிப்புணர்வு நோட்டீஸ் நானும் கொடுத்திருக்கேன். ஒரு பொண்ணு பொறுமையா கடைசி வரி வரைக்கும் படிச்சா, அப்புறம் நாலா மடிச்சு அன்னிக்கு வித்த சில்லறைய அதுலயே பொட்டலம் கட்டி இடுப்புல சொருகிக்கிட்டா.