கை சிறியதென்றால் குவாட்டர்பேக் தேறமாட்டாரா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கினாலே, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரரான குவாட்டர்பேக்கைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது: "கை 9½ அங்குலத்துக்குக் குறைந்தால் அந்த குவாட்டர்பேக்கைத் தொடாதீர்கள்." இது தவறு.

விரல்களை முழுக்க விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை எடுப்பதே இந்த அளவு. பேட்ரிக் மஹோம்ஸுக்கு 9¼ அங்குலம். 2017-இல் 10ஆவதாகத் தேர்வானவர், என்எஃப்எல் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை மூன்று முறை வென்றுவிட்டார். ஜோ பர்ரோவுக்கு வெறும் 9. அதே கையால்தான் 2019-இல் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணிக்காக 60 டச்டவுன் பாஸ்களை (புள்ளி தரும் எறிதல்களை) எறிந்தார். 2020-இல் முதல் தேர்வும் அவரே.

8½ அங்குலக் கைக்காரரான கென்னி பிக்கெட்டைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். 2022-இல் 20ஆவதாகத் தேர்வாகி, இரண்டே பருவங்களில் பிட்ஸ்பர்க் அணியை விட்டுப் போனவர். ஒருவர் தடுமாறியதை விதியாக்குவது நியாயமில்லை.

கவலையில் ஓரளவு பொருள் உண்டு. பந்தின் நடுச்சுற்றளவு சுமார் 21 அங்குலம். மழையிலும் குளிரிலும் பந்தின் தோல் வழுக்கும், பின்னாலிருந்து தட்டினால் நழுவும். அதற்கு கல்லூரி ஆட்டப் பதிவுகளில் ஃபம்பிள்களை (பந்தைக் கைநழுவவிட்ட தடவைகளை) எண்ணிப் பாருங்கள். அழுத்தம் வரும்போது இரு கைகளாலும் பந்தை மார்போடு பிடிக்கிறாரா என்பது அளவுகோலில் தெரியாது.